குனிந்த தலை, வளைந்த கடல்

முதலில் மின்னல் தெரிந்தது. வலது கண்ணின் ஓரத்தில், கேமரா ஃபிளாஷ் அடித்தது போல ஒரு வெள்ளைக் கீற்று. பிறகு கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தன. பார்வையைத் திருப்பினால் கூடவே வந்தன. இதைப் படிக்கும் உங்களுக்கு இப்படி ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் ஓடுங்கள். நான் ஓடவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

காரணம் சொல்கிறேன். நான் ஓவியர். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு மாடி அறைதான் நான் வரையும் இடம். ஊரூர் குப்பத்தில் காயப்போட்டிருக்கும் மீன்வலைகளைப் பார்த்துவிட்டு வந்து ஒரு பெரிய படம் தொடங்கியிருந்தேன். கோடெல்லாம் சுத்தமாக விழுந்திருந்தது, படம் மட்டும் செத்துக் கிடந்தது. மாதக்கணக்கில் அதை முறைத்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று வலைமேல் புள்ளிகள் பறந்தால் எப்படி இருக்கும்? வந்துவிட்டது என்று குதித்தேன். புள்ளி போன இடமெல்லாம் கறுப்பு வைத்தேன், மின்னல் அடித்த இடத்தில் வெள்ளையை இழுத்தேன். படம் எழுந்து உட்கார்ந்தது.

என் கணவர் சங்கரனுக்கு உடனே ஃபோன் செய்தேன். தி.நகரில் அவர்கள் குடும்பத்து ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு அவர் பொறுப்பு. திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், எதற்கும் பதற மாட்டார்.

“கண்ணு முன்னால புள்ளி பறக்குன்னா டாக்டரைல்லா பாக்கணும்? நீ எதுக்குப் படம் போடுத?”

“உங்ககிட்ட சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்” என்று ஃபோனை வைத்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் ஒரு பகல் வேளை, அறை இருட்டியது போல் இருந்தது. யாரோ ஜன்னல் திரையைப் பாதி மூடிவிட்டார்கள் என்று எழுந்து போய் இழுத்தேன். திரை ஏற்கெனவே முழுக்கத் திறந்திருந்தது. நிழல் என் கண்ணுக்குள் இருந்தது.

அப்போதுதான் பயந்தேன். என் இடது கண் சிறு வயதிலிருந்தே சோம்பல் கண் (கண் நன்றாக இருந்தும், மூளை அதன் பார்வையைப் பயன்படுத்தப் பழகாத நிலை). அதில் எல்லாமே கலங்கலாகத்தான் தெரியும். இத்தனை வருடம் நான் வரைந்ததெல்லாம் வலது கண்ணை நம்பி. அது போனால் என் தொழில் போயிற்று.

அடையாறில் ஒரு கண் மருத்துவமனை. ஸ்கேனைப் பார்த்த டாக்டர் அம்மா, “எப்பத்திலேருந்து தெரியுது?” என்று கேட்டார். பதில் சொல்வதற்குப் பதில் ஃபோனில் என் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

“ரொம்ப அழகா இருக்கு. இதை வரையறதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கலாம்.”

கூட வந்திருந்த சங்கரன் ஃபோனை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

விழித்திரை விலகல் (கண்ணின் பின்சுவரில் காட்சி விழும் மெல்லிய சவ்வு, சுவரிலிருந்து உரிந்து வருவது). உரிவு, கூர்மையான பார்வைக்கான நடுப்பகுதியின் விளிம்புவரை வந்துவிட்டிருந்தது. “நாளைக்குத் தள்ள வேண்டாம்” என்றார் டாக்டர். மறுபடி வரைய முடியுமா என்று கேட்டேன். “பார்வை வரும்னு நம்பறேன். எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது.”

விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டு, லேசரால் சவ்வை ஒட்டவைத்து, வாயுவை நிரப்பும் அறுவைச் சிகிச்சை) முடிந்தது. வாயுக் குமிழி மேலே ஏறப் பார்க்கும். முகம் தரையைப் பார்த்திருந்தால்தான் அது பின்சுவரை அழுத்திப் பிடிக்கும். ஆகவே குனிந்தே சாப்பிட்டேன், குனிந்தே பல் தேய்த்தேன், குப்புறப் படுத்துத் தூங்கினேன். கழுத்து கழன்றுவிடும் போலிருந்தது. “கல்யாணத்தன்னைக்குக்கூட நீ இப்படித் தலை குனியலியே” என்றார் சங்கரன்.

ஒரு மத்தியானம் கடையிலிருந்து ரவிக்கைத் துணிகளை அள்ளிக்கொண்டு வந்தார். கட்டில் விளிம்புக்கு வெளியே முகத்தை நீட்டிப் படுத்திருந்தேன். கீழே, தரையில், ஒவ்வொன்றாக விரித்தார்.

“சும்மா கிடக்காம சொல்லு. இது என்ன கலரு?”

“வாடாமல்லி.”

“இது?”

“மயில் கழுத்து.”

“இது?”

“வெங்காயத் தோல்.”

“சரிதான். கரையில என்ன போட்டிருக்கு?”

“கரை இருக்கா என்ன?”

இருவரும் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. வலது கண்ணில் வாயு நிறைந்திருந்ததால் இடது கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஓரம் தெரியவில்லை, நிறம் மட்டும் தெரிந்தது. எங்கே முடிகிறது என்ற கவலையே இல்லாத நிறம்! நான் எப்போதும் கோடு போட்டுவிட்டுத்தான் நிறத்தை உள்ளே விடுவேன். அதனால்தான் என் வலைகளெல்லாம் காய்ந்து கிடந்தன. இத்தனை காலம் உருப்படாதது என்று நான் ஒதுக்கி வைத்திருந்த கண் ஒரு வேலை தெரிந்து வைத்திருக்கிறது!

மறுபரிசோதனையில், வரைய அனுமதி கேட்டேன். “தலையைத் தூக்காம எது வேணா பண்ணுங்க. கரித்தூள், டர்பன்டைன் பக்கம் மட்டும் போகாதீங்க” என்றார் டாக்டர். தரையில் காகிதத்தைப் பரப்பி, ஈரத்தில் நீர்வண்ணத்தை ஊற்றி, அது தானாகப் பரவுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அத்தனை சந்தோஷமாக நான் வரைந்ததே இல்லை.

தலையை நிமிர்த்த விட்ட பிறகு, வலது கண்ணில் மேலோரமாக ஒரு வெளிச்சப் பட்டை வந்தது. அதற்குக் கீழே, தம்ளர் தண்ணீர் போல ஒரு கோடு ஆடியது. வாயு கரையக் கரைய அந்தக் கோடு கீழே இறங்கியது.

“உங்க நெத்தி தெரியுது!” என்று கத்தினேன்.

“மூஞ்சி எப்ப வரும்?” என்றார் சங்கரன்.

திங்கள், செவ்வாய் எல்லாம் எனக்கு மறந்துபோயின. நெற்றி வந்த நாள், கண் வந்த நாள், மீசை வந்த நாள் என்றுதான் கணக்கு வைத்திருந்தேன். கடைசியில் குமிழி கடுகாகச் சிறுத்து, ஒரு காலையில் காணாமல் போயிற்று. டாக்டர் வைத்த எழுத்துப் பலகையில் பெரும்பாலும் படித்துவிட்டேன். வெளியே வந்து ஆட்டோவில் அழுதேன்.

வீட்டுக்குப் போகாமல் நேரே குப்பத்துக் கடற்கரைக்கு வண்டியை விடச் சொன்னேன். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்தேன். தொடுவானம் நேராக இல்லை. நடுவில், துணி காயப்போட்ட கொடி மாதிரி, தொய்ந்திருந்தது. உரிந்து ஒட்டிய சவ்வில் விழுந்த சுருக்கம் அது என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு அந்தக் காரணம் எனக்குத் தேவைப்படவில்லை. அத்தனை பெரிய கடல் ஒரு இடத்தில் தளர்ந்து உட்கார்ந்திருந்தது. அவ்வளவு ஆசை, அதை அப்படியே வரைய.

அடுத்த முறை போனபோது டாக்டரிடம் சொன்னேன்.

“கவலைப்படாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா நேராயிடும்.”

“எவ்வளவு நாள் இருக்கும்?”

“எல்லாரும் எப்ப சரியாகும்னுதான் கேப்பாங்க” என்று சிரித்தார். “சில மாசம் ஆகலாம்.”

சில மாதம்தான். ஆட்டோவில் ஏறியதும் சங்கரன் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டார். முதலில் வீட்டுக்குப் போகலாம் என்றேன். குணமாவதற்குள் நிறைய வரைய வேண்டியிருந்தது.