கைக்குட்டையில் வந்த கடல்

ஜாவாவின் சலாத்திகா மலையூரில், ஒரு தையற்கடையில் பொத்தான் தைப்பவள் வுர்யானி. முப்பது வயதாகியும் கடலைக் கண்டதில்லை. பேருந்து ஏறினால் எட்டிவிடும் தூரம்தான். ஆனால் பொத்தான் தைப்பவளுக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று கேட்பாள் அண்ணி பார்த்தி.

அதனால் கடல் தபாலில் வந்தது. வாரப் பத்திரிகையின் பேனா நட்புப் பக்கத்தில் கிடைத்தவள் யோசினா, தூரக் கிழக்கே பண்டா தீவுக்காரி. கடிதத்துக்குள் எதையாவது ஒளித்து அனுப்புவாள்: ஒரு ஜாதிபத்திரி இதழ், நகத்தளவு சிப்பி. வுர்யானி பதிலுக்குப் பாத்திக் துணியின் வெட்டுத்துண்டோ காய்ந்த மல்லிகையோ வைப்பாள். உறை வந்த நாளில் கையில் ஊசி ஓடும், மனம் படகேறிவிடும். ஜன்னலில் இறங்கும் மூடுபனியை அலை என்று நினைத்துக்கொள்வாள். பைத்தியம்தான். ஆனால் அந்தப் பைத்தியம் எல்லோருக்கும் வாய்க்காது.

கடல் எப்படி இருக்கும் என்று ஒருமுறை எழுதிக் கேட்டாள். பதில் உறையில் மடித்த வெள்ளைக் கைக்குட்டை மட்டும் இருந்தது. கூடவே ஒரு சீட்டில் 'உனக்கு' என்ற ஒரே சொல்.

ஜாவாவில் கைக்குட்டை கொடுத்தால் பிரிவு என்று பொருள். காதலர்கள்கூட அதற்குப் பயப்படுவார்கள்.

"இனிமே எழுதாதேன்னு பதமா சொல்லியிருக்கா. நீயும் ஓயாம கேள்வி கேட்டா அவ என்னதான் பண்ணுவா?" என்றாள் பார்த்தி.

ஏன் என்று எழுதிக் கேட்டிருக்கலாம். ஆனால் விலகுகிறவளின் கையைப் பிடித்து இழுப்பது அவர்கள் ஊரில் அவமானம். வுர்யானி கைக்குட்டையைப் பிரிக்காமலே பொத்தான் டப்பாவின் அடியில் திணித்தாள். மழைக்காலம் முழுக்க அழுதாள். கேட்டவர்களிடம் சளி என்றாள்.

மழை விட்டதும் யோசினாவின் கடிதம் வந்தது.

"ஏண்டி, உயிரோடதான் இருக்கியா? கடல் எப்படின்னு கேட்டியே, அதுலயே முக்கிக் காயவெச்சு அனுப்பினேன். சொல்லிட்டா சுவாரசியம் ஏது? நாக்குல வெச்சுப் பாத்தியா, இல்லியா?"

வுர்யானி டப்பாவைக் கவிழ்த்தாள். பொத்தான்கள் தரையெங்கும் உருண்டன. கைக்குட்டை பிசுபிசுத்திருந்தது. ஓரத்தை நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. கண்ணை மூடியதும் அறை மெல்ல ஆடத் தொடங்கியது.

பார்த்தி உருண்ட பொத்தான்களைப் பொறுக்கியபடி கிட்டே வந்தாள்.

"எனக்கும் ஒரு ஓரம் குடேன்," என்றாள்.

அன்றே வுர்யானி பதில் எழுதினாள். அடுத்த முறை காகிதத்தைக் கடலில் நனைத்து அனுப்பு, எங்களுக்குக் கைக்குட்டை ஆகாது என்று. அந்தக் கைக்குட்டையை மட்டும் அவள் கடைசிவரை துவைக்கவில்லை.