செல்லோவுக்கு வழிவிட்ட பென்சில் குறிகள்

இந்த ஊரில் எனக்கு அழிப்பதுதான் வேலை. ஜெர்மனிக்கு வந்த புதிதில் நானே இதை நம்பவில்லை. வாத்தியக் குழுக்களுக்கு இசைத்தாள்களை வாடகைக்கு அனுப்பும் கிடங்கு இது. கச்சேரி முடிந்து திரும்பி வரும் தாள்களில் வாசித்தவர்கள் பென்சிலால் ஏதேதோ எழுதி வைத்திருப்பார்கள். அடுத்தவர்களுக்குப் போகுமுன் நான் ரப்பரால் துடைத்துத் தர வேண்டும். பத்தாவதோடு நின்ற எனக்கு அந்த இசை எழுத்து ஒன்றும் படிக்கத் தெரியாது. ஸ்டெல்லா, அந்தோணி, இதை நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும்.

செல்லோ என்று போனில் நான் முதலில் சொன்னபோது அந்தோணி கேட்டான், "செல்லு போன் கடையிலயாப்பா வேலை?" ஸ்டெல்லா, நீதான் அவன் தலையில் தட்டினாய். "டேய் லூசு, அது பெருசா ஒரு வயலினுடா. தரையில நிக்க வெச்சு வாசிப்பாங்க." சரிதான். பெரிய மனுஷன் ஒருவன் அடித்தொண்டையில் அழுகிற மாதிரி இருக்கும் அதன் குரல். நூறு, நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் இங்கே உள்ளவர்கள் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டி, எழுபது எண்பது பேர் சேர்ந்து வாசிக்கும்படி இசை எழுதினார்கள். அத்தனை பேர் நடுவில் ஒற்றைச் செல்லோவை உட்கார வைத்தால் அதன் குரல் அமுங்கிப்போகும். அதனாலேயே அப்படிச் செல்லோவை நடுவில் வைத்து எழுதியவற்றில் சிலதைத்தான் இன்னமும் வாசிக்கிறார்கள், மற்றவை எங்கள் அலமாரியில் கிடக்கின்றன என்று எங்கள் மேற்பார்வையாளர் ஃப்ராவ் கெல்லர் சொன்னார்.

போன மாதம் அப்படி ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். எழுதியவர் பெயர் அவருடைய சொந்த ஊரிலேயே யாருக்கும் தெரியாதாம். பென்சில் குறிகளின் மேல் விரலை வைத்து, "தாஸ் ப்ளைப்ட்" என்றார். பென்சிலுக்கு இங்கே ப்ளைஷ்டிஃப்ட் என்று பெயர். பென்சிலைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "யா, யா" என்று தலையாட்டிவிட்டு, நாள் முழுக்க உட்கார்ந்து சுத்தமாக அழித்தேன். ப்ளைப்ட் என்றால் 'அப்படியே இருக்கட்டும்' என்று அர்த்தம்.

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. செல்லோ பேசும் இடங்களில் மற்றவர்கள் எங்கெங்கே சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று, முன்பு எப்போதோ ஒரே ஒரு முறை வாசித்தவர்கள் எழுதிவைத்த குறிகளாம் அவை. அவர் மேசை விளக்கைத் தாளுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். பென்சில் அழுத்திய பள்ளம் லேசாகத் தெரிந்தது. இரண்டு நாள் இருவரும் பள்ளம் பார்த்துப் பார்த்து மறுபடி எழுதினோம். பாதிதான் கிடைத்தது.

அந்த இரண்டு நாளும் உங்கள் ஞாபகம்தான். அம்மா விழுப்புரம் துணிக்கடையில் வேலை முடிந்து திண்டிவனம் பஸ்ஸில் வரும்போது போனில் குரலைப் பதிந்து எனக்கு அனுப்புவாள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்த அவள் உயிரோடு திரும்பவில்லை. அந்த அலைச்சலில் அவள் போனும் தொலைந்தது. அவள் குரல் என்று மிச்சமிருந்தது என் போனில் மட்டும்தான். "அம்மா பேசுனத அனுப்புப்பா. தம்பிக்கு கொரலே மறந்துபோச்சாம், அழுதுக்கினே இருக்கான்" என்று நாலு மாதமாகக் கேட்கிறாய், ஸ்டெல்லா. "நெட்டு சரியில்லம்மா" என்றேன். பொய். பாஷை பழகட்டும் என்று போனை ஜெர்மன் மொழிக்கு மாற்றி வைத்திருந்தேன். இடம் நிரம்பிவிட்டது என்று அது ஏதோ கேட்டது. புரியாமல் 'யா'வை அழுத்தினேன். எல்லாம் போய்விட்டது. எந்த விளக்கைச் சாய்த்துப் பார்ப்பது? அப்பாவை மன்னித்துவிடுங்கள்.

கடைசியாக வந்ததை ஞாபகம் இருக்கும்வரை எழுதுகிறேன். ஸ்டெல்லா, உனக்கு அம்மாவின் தொண்டை என்று அத்தை சொல்வாள். நீ தம்பிக்கு வாசித்துக் காட்டு.

"என்னங்க, சாப்டீங்களா?" இதை வேகமாகச் சொல். "பஸ்ல நின்னுக்கினு வர்றேன், ஒரே பேஜாரு." இங்கே சிரிப்பாள். "சின்னவனுக்கு மல்லாட்டை வாங்கிக்கினேன்." வேர்க்கடலைப் பொட்டலம் சரசரக்கும், மூச்சு வாங்குவாள். "நீங்க எப்போ வர்றீங்க?" இது ரொம்ப மெதுவாக, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி.

அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொன்னாள். எத்தனை முறை போட்டுக் கேட்டும் பஸ் சத்தத்தில் அது எனக்குப் பிடிபடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் போனில் கூப்பிடும்போது எனக்கும் கேட்கும்படி வாசி, அந்த இடத்தில் நிறுத்து. திண்டிவனத்தில் நீங்கள் இருவரும், இங்கே நானும், அந்த ஒரு வார்த்தை அளவுக்குப் பேசாமல் இருப்போம்.