சங்கிலி எந்தப் பக்கம் இருக்கிறது

வீடு வாங்கப் போகிறவர்கள் இன்றைக்கும் என் கணவரிடம் யோசனை கேட்க வருகிறார்கள். உத்தரத்தைத் தட்டிப் பாருங்கள், கரையான் தின்ற மரம் வேறு மாதிரி சத்தம் கொடுக்கும் என்பார். கிணற்றுத் தண்ணீரில் ஒரு பிடி பருப்பை வேகவைத்துப் பார்க்கச் சொல்வார். கோடையில் பார்த்த வீட்டை மழையிலும் ஒரு முறை போய்ப் பார்க்கச் சொல்வார். எல்லாம் நல்ல யோசனைகள்தான். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவர்கள் புறப்படும்போது, கூட வந்த பெண்ணிடம் மட்டும் மெதுவாக ஒன்று சொல்வேன். பின்கதவின் சங்கிலி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அவள் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போவாள். நாலு பேர் முன்னால் விளக்கிச் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் நாமகிரிப்பேட்டைப் பக்கத்துக்காரர்கள். இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன் என் கணவர் வெற்றிலை வியாபாரத்துக்காகப் பரமத்தி வேலூருக்கு வந்தார். கொடிக்காலில் வெற்றிலை எடுத்துக் கட்டுக் கட்டி, பஸ்ஸில் ஏற்றிக் கரூருக்கும் நாமக்கல்லுக்கும் கொண்டுபோவார். எனக்கு அதற்குள் இரண்டு குழந்தைகள் பிறந்து தங்காமல் போயிருந்தன. மூன்றாவது உண்டானபோது, இந்தப் பிள்ளை சொந்த வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்று அவர் ஒரே பிடியாக நின்றார். அப்படித்தான் வேலூரில் இந்த வீடு வந்தது.

நீளமான ஓட்டு வீடு. இரு பக்கமும் அடுத்த வீடுகளின் சுவர். தெருவிலிருந்து தலைவாசலில் நுழைந்தால் நேராக ஒரு குறுகலான நடை கடைசிவரை ஓடும். அதன் ஒரு பக்கத்தில்தான் அறைகளும் சமையல்கட்டும். நடையின் முடிவில் ஒரு பழைய கதவு. விற்றவர் சேலத்தில் ஜவுளிக் கடையில் வேலைக்குப் போய்விட்டவர். அப்பா விட்டுப்போன வீடு இது. என் கணவர் உத்தரங்களைத் தட்டினார், கிணற்றை எட்டிப் பார்த்தார், ஓடுகளை எண்ணாத குறைதான். நான் சமையல்கட்டுப் புகை வெளியே போகிறதா என்று பார்த்துவிட்டு நடையின் கடைசிக்குப் போனேன். அந்தக் கதவுக்கு எங்கள் பக்கம் தாழ்ப்பாளும் இல்லை, சங்கிலியும் இல்லை. கையை வைத்துத் தள்ளினேன். அந்தப் பக்கத்தில் சங்கிலி குலுங்கியது.

வீட்டின் பின்கதவை வெளியே இருப்பவர்கள் எதற்குப் பூட்டிக்கொள்ள வேண்டும்? கேட்க நினைத்தேன். ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், வாய் வரவில்லை. வீடு திரும்பியதும் கணவரிடம் சொன்னேன். அவர் அதை ஏற்கெனவே விசாரித்திருந்தார். ஒரே வீடாக இருந்ததை விற்றவரின் அப்பாவும் அவர் தம்பியும் பாகம் பிரித்தபோது முன்கட்டு அண்ணனுக்கு, பின்கட்டு தம்பிக்கு. பின்கட்டில் இப்போது தம்பியின் மகன் குடும்பம். அவர்கள் பின்னால் ஓடுகிற வாய்க்கால் கரையோடு போய்வருகிறார்கள், நம் பக்கம் ஒரு நாளும் வருவதில்லை. "நம்ம பக்கம் ஒரு தாப்பாளப் போட்டுக்கிட்டாத் தீந்துது" என்றார்.

பத்திரத்தில் மாமூல் வழிநடை பாத்தியம், அதாவது வழக்கமாக நடக்கிற வழியில் உரிமை, என்று எழுதியிருந்தது. எல்லாப் பத்திரத்திலும் எழுதுவதுதான். நாங்கள் தெருவுக்குப் போகிற வழி எங்களுக்குப் பாத்தியம் என்று எடுத்துக்கொண்டோம்.

ஆசாரி வந்து தாழ்ப்பாள் அடித்த அன்று, சத்தம் கேட்டுப் பின்கட்டுக்காரர் அந்தப் பக்கம் சங்கிலியை எடுத்துக் கதவைத் திறந்தார். நாற்பது வயதிருக்கும், நல்ல உயரம், கொடிக்காலில் வேலை செய்கிறவர். ஆசாரியையும் தாழ்ப்பாளையும் பார்த்துச் சிரித்தார்.

"எதுக்குங்க இது? நாங்க என்ன, உங்க வெத்தலையத் திருடவா வரப்போறோம்?"

என் கணவர் கூச்சத்தோடு ஏதோ சொன்னார். அவர், "போட்டுக்கங்க, போட்டுக்கங்க. எப்பவாச்சும் ஒருக்காத்தானுங்க எங்களுக்கு இந்தக் கதவு வேணும்" என்று சொல்லிவிட்டு ஒரு கட்டு முருங்கைக்கீரையை என் கையில் கொடுத்தார். எதற்கு வேண்டும் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

இந்த வீட்டில்தான் என் மகள் பிறந்தாள். நடையில் எப்போதும் பின்கதவு இடுக்கு வழியாக வாய்க்கால் காற்று வரும் என்பதால் அங்கேயே உத்தரத்தில் ஒரு கொக்கி அடித்துத் தொட்டில் கட்டினோம். பின்கட்டுக்காரரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், கரையைச் சுற்றி வந்து குழந்தையைப் பார்த்துப் போவாள்.

குழந்தைக்கு மூன்று மாதம் நிறையும் சமயம். கணவர் முதல் பஸ்ஸில் கரூர் போயிருந்தார். வெயில் ஏறுகிற நேரத்தில் பின்கட்டில் ஓலம் கேட்டது. கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்டப் போன அந்த மனிதர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். தெருவழியே கரைக்கு ஓடிய பெண்கள் சொல்லிக்கொண்டே போனார்கள். கீரைக்கட்டை நீட்டிய கைதான் கண்ணில் நின்றது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் என்னால் போக முடியவில்லை.

பறைச் சத்தம் கேட்டது. கரைப் பக்கத்திலிருந்து வரவில்லை. எங்கள் தலைவாசலுக்கு நேர் முன்னாலிருந்து வந்தது. கதவைத் திறந்தேன்.

எங்கள் வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பச்சை மூங்கிலை என் வாசற்படியில் சாய்த்து வைத்து ஒருவர் சீவிக்கொண்டிருந்தார். இறந்தவர் யார் என்று எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் என் கணவர் ஏறிப்போன பஸ்தான் அந்த நிமிஷம் நினைவுக்கு வந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர், பின்கட்டுக்காரரின் பங்காளி, அருகில் வந்தார்.

"அம்மணி, கொழந்தையத் தூக்கிக்கிட்டுத் தொட்டிலக் கொஞ்சம் அவுத்துருங்க. பொறக்கதவுத் தாப்பாளையும் எடுத்துடுங்க. வெயிலேறுது."

"ஏனுங்க, இது எங்க ஊடுங்க" என்றேன்.

அவர் என்னைவிட அதிகமாகத் திகைத்துவிட்டார். "ஊடு உங்குளுதுதானுங்க, ஆரு இல்லேன்னாங்க? தலைவாசல் ரெண்டு கட்டுக்கும் பொதுங்க. தெனமும் எப்படிப் போனாலும், கண்ணாலமும் சாவும் தலைவாசல்லதான். உங்குளுக்கு ஆருமே சொல்லலீங்களா?"

யாரும் சொல்லவில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரிந்ததை எங்களுக்கு எதற்குச் சொல்வார்கள்? நான் உள்ளே போய்த் தலைவாசலைச் சாத்திவிட்டுத் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படிச் செய்ய எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று இன்றும் தெரியவில்லை. தைரியம் இல்லை, பயம்தான். இரண்டைப் பறிகொடுத்தவள். மூன்று மாதக் குழந்தை தூங்குகிற இடத்தின் வழியாகப் பிணம் போகப்போகிறது என்றால் வேறு எதுவும் மனசில் நிற்கவில்லை.

வெளியே பறை நின்றுவிட்டது. முணுமுணுப்பு. யாரோ ஒருவன் சத்தமாகவே சொன்னான்: "நாமகிரிப்பேட்டைக்காரங்க செத்தா ஓட்டப் பிரிச்சுக்கிட்டு மேலால பறந்து போவாங்களாட்ட இருக்குது." சாவு வீட்டு வாசலிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பிறகு நடையின் அந்தக் கோடியில் சங்கிலியை எடுக்கும் சத்தம் கேட்டது. என் தாழ்ப்பாள் மட்டுமே இனி மிச்சம். கதவை யாரும் இடிக்கவில்லை. பின்கட்டு அக்காவின் குரல், அழுது கம்மிப்போய், பலகைக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அம்மணி, கண்ணாலமாகி வந்தப்ப நான் இந்த நடையிலதான் வலது கால வெச்சு வந்தேன். அவர வாய்க்கால் கரையில, ஆட்டுக்குட்டியாட்டத் தோள்ல போட்டுக்கிட்டுப் போகச் சொல்றயா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் திறந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தொட்டில் துணியை அவிழ்த்தேன். கயிற்றின் முடிச்சு இறுகியிருந்ததால் கொக்கியிலேயே விட்டுவிட்டேன். தாழ்ப்பாளை எடுத்துவிட்டுச் சமையல்கட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன்.

அவரைக் கையில் ஏந்தித்தான் கொண்டுபோனார்கள். அவர் உயரம், நடை குறுகல். கால்கள் உரசும் சத்தமும் மூச்சிரைப்பும் என் முதுகுக்குப் பின்னால் நெடுநேரம் போனதுபோல் இருந்தது. எல்லாம் அடங்கியபின் திரும்பிப் பார்த்தேன். தூக்கியவர்களில் யாருடைய தலையோ இடித்திருக்க வேண்டும். தொட்டில் கயிறு தனியாக, துணியும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல், ஆடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அதைப் பிடித்து நிறுத்தக்கூட என்னால் முடியவில்லை.

அவர்கள் வீட்டுப் பெண்களே வந்து சாணி கரைத்து நடை முழுவதையும் வழித்து மெழுகிவிட்டார்கள். பொழுது சாய்ந்தபோது குழந்தைக்கு உடம்பு சுட்டது.

காய்ச்சல் நாலைந்து நாளில் இறங்கியது. ஆனால் என் கணவர் அதற்குள் முடிவு செய்துவிட்டார். சேலத்துக்குப் போய் விற்றவரைக் கேட்டார். அவர் துணி அளந்துகொண்டே, நான் எதை மறைத்தேன், எழுதித்தானே கொடுத்தேன், வேலூரில் பச்சைப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லுமே என்றாராம். உண்மைதான். நாங்கள்தான் பச்சைப் பிள்ளையைக் கேட்கவில்லை. திரும்பி வந்தவர், இனி இந்த வீடு வேண்டாம், கைமாற்றிவிடுவோம் என்றார். எனக்கும் அதுவே ஆசை. நடையில் கால் வைக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் மூச்சிரைப்புக் கேட்டது. குழந்தையை அறைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

குமாரபாளையத்திலிருந்து ஒரு நெசவுக்காரக் குடும்பம் வீடு பார்க்க வந்தது. அவர்களும் வெளியூர். வருவதற்கு முன்னால் என் கணவர் என்னிடம், "எதாச்சும் கேட்டா என்னையக் கேக்கச் சொல்லு" என்றார். நான் பேசமாட்டேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் சொன்னார்.

வந்தவர் உத்தரத்தைத் தட்டினார். கிணற்றை எட்டிப் பார்த்தார். என் கணவர் அவரோடு நடந்து ஓடு, சுவர், தண்ணீர் என்று எல்லாவற்றையும் சொன்னார். மனைவி மாசமாக இருந்தாள், ஆறோ ஏழோ இருக்கும். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நடையில் நின்றவள் மேலே பார்த்தாள். கொக்கி அப்படியேதான் இருந்தது.

"தொட்டிலுக்கு நல்ல எடமுங்க. எப்படிக் காத்து வருது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவளுடைய கண் மெதுவாக நடையின் கோடிக்குப் போனது, பின்கதவில் நின்றது. அவளும் கேட்கவில்லை. ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

என்னால் சொல்லத்தான் முடியாது. நடந்துபோய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டுக் கதவைக் கையால் தட்டினேன். என் கணவரின் பேச்சு பாதியில் நின்றது. அந்தப் பக்கம் சங்கிலி அவசரமாகக் கழன்றது. பின்கட்டு அக்கா, அடுப்புச் சாம்பல் கையோடு, பயந்த முகத்தோடு கதவைத் திறந்தாள்.

"என்ன அம்மணி, கொழந்தைக்கு மறுபடியும் காச்சலா?"

அவள் பின்னால் முற்றம், காயப்போட்ட துணி, புகைகிற அடுப்பு, ஒரு முழுக் குடும்பம் தெரிந்தது. மாசமாக இருந்தவள் என் தோளுக்கு மேலாக அதைப் பார்த்தாள்.

"அங்க ஆருங்க குடியிருக்கறாங்க?" என்றாள்.

இனி சொல்லாமல் இருக்க முடியாது. "இவங்களுக்கும் இந்தத் தலைவாசல்தானுங்க. நல்லதும் கெட்டதும் இந்த நடையிலதான் போகும். போன மாசம் இவங்க ஊட்டுக்காரரு போனாருங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கத் தெரியவில்லை. கோபமில்லை. ஊமை என்று நினைத்திருந்த ஒருத்தி பேசிவிட்டதுபோல் பார்த்தார்.

அவர்கள் மோர் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று மரியாதையாகப் போனார்கள். படியிறங்கும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்து, கதவைப் பார்த்ததுமே கேட்கத் தோன்றியது, கூச்சமாக இருந்தது என்றாள். அவர்கள் திரும்பி வரவில்லை.

என் கணவர் அன்று பகல் முழுவதும் என்னோடு பேசவில்லை. சாயங்காலம் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடைக்குப் போனார். சுத்தியல் சத்தம் கேட்டு, என்ன செய்கிறாரோ என்று பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். உத்தரத்திலிருந்து கொக்கியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். சமையல்கட்டுக்கு வந்து, புகை வராத மூலையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அங்கே அதை அடித்தார்.