தலைமை ஆசிரியரின் துடைப்பம்

வெளிநாட்டில் தன்னார்வ ஆசிரியராக இருப்பது, பாதி நாள் வகுப்பில் பாடம் சொல்லி, மீதி நாள் வீட்டுக்கு விளக்கம் சொல்லும் வேலை. வீட்டின் முதல் பட்டதாரியாக இருந்து இதில் இறங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து தலையாட்டுங்கள். எனக்குத் தைரியமாக இருக்கும்.

கிளம்பும் முன்

டெல்லியில் பி.எஸ்.சி. கணிதம் முடித்ததும், ஆப்பிரிக்காவில் ருவாண்டா என்ற நாட்டின் கிராமப் பள்ளிக்குத் தேர்வானேன். தங்க இடமும் சாப்பாடும் தருவார்கள், சம்பளம் கிடையாது. அம்மா துவாரகாவில் நான்கு ஃபிளாட்டுகளில் வீட்டு வேலை செய்பவர். அவரிடம் சம்பளம் இல்லை என்பதை மறைக்கக் கூடாது என்று, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் என் பயணத்துக்காக அவர் சாம்பார் பொடி வாங்கிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். அம்மா பொடியைத் திரும்ப வைக்கவில்லை. அதுவே பெரிய விஷயம். கடைக்காரர் முன்னாலேயே தீர்ப்பு வந்தது: "ஒரு வருஷம். அதுக்கு மேல ஒரு நாள் இருந்த, நானே வந்து இழுத்துக்கினு வருவேன்."

முதல் வகுப்பு

நாற்பது பிள்ளைகள். பயத்தில் நான் நிறுத்தவே இல்லை. பலகை நிறைய பின்னங்கள் எழுதினேன், நடுநடுவே "ஜல்தி, ஜல்தி" என்று இந்தியில் வேறு விரட்டினேன். மணி அடித்தபோது பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள். பாடம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்த பக்கத்து வகுப்பு ஆசிரியை வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்: "கேள்வியும் நீங்களே கேட்கிறீர்கள், பதிலும் நீங்களே சொல்கிறீர்கள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?"

அன்றிலிருந்து கேள்வி கேட்டதும் மனதுக்குள் பத்து வரை எண்ணினேன். மூன்றாவது வாரம், நான் ஏழு எண்ணும்போது ஒரு கை உயர்ந்தது.

குடும்ப குரூப்

என் தம்பி டெல்லியிலேயே பிறந்தவன். தமிழ் எழுத்தைப் பார்த்தாலே கொட்டாவி விடுவான். அம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. அதனால் வாட்ஸப்பில் படமும் குரலும்தான் அனுப்புவேன். முதல் வகுப்பில் சொதப்பியதையும் அப்படியே பேசி அனுப்பினேன். தம்பியின் பதில் உடனே வந்தது: "அச்சா, டீச்சருக்கே ரீ-எக்ஸாமா? அக்கா, இனிமே என் மார்க்கைப் பத்திப் பேசாத."

துடைப்பம்

மாதத்தின் கடைசி சனிக்கிழமை காலையில் அந்த நாட்டில் ஊரே தெருவில் இறங்கி வேலை செய்யும்: கால்வாய் தூர்வாருவது, பாதை போடுவது, பெருக்குவது. பெரியவர் சின்னவர் என்ற கணக்கே இல்லை. நானும் துடைப்பத்தோடு நின்று படம் எடுத்து, ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் குரூப்பில் போட்டேன். அந்த அவசரம் என் தப்பு.

"என் பொண்ணு ஃபாரின்ல டீச்சர்" என்று தான் வேலை செய்யும் வீட்டு மேடத்திடம் சொல்லி வைத்திருந்த அம்மா, என் கையில் இருப்பதைக் கவனிக்காமலே அந்தப் படத்தைப் பெருமையோடு அவரிடம் நீட்டியிருக்கிறார். மேடம் சிரித்தாராம்: "அட, அம்மா வேலையையே பொண்ணும் பண்றாளே!" சாயங்காலம் அம்மாவின் குரல் வந்தது. அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "உன் கையில தொடப்பம் வரக் கூடாதுன்னுதான்டி நான் நாலு வீட்டுல புடிச்சேன்."

என்ன விளக்கியும் அம்மா கேட்கவில்லை. அதற்குப் பிறகு என் பள்ளியைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

விடுமுறை

வருடம் முடிந்து டெல்லி வந்தேன். என் வகுப்புக்கு அடுத்த வருடம் அரசுத் தேர்வு. இன்னொரு வருடம் இருக்க முடியுமா என்று பள்ளியில் கேட்டிருந்தார்கள். நான் போவதென்று முடிவு செய்திருந்தேன். ஆனால் அம்மாவிடம் சொல்லாமல் போக மாட்டேன் என்பதும் முடிவுதான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். கத்தி நிற்கவில்லை.

"அங்கயும் போய் பெருக்கணுமா?"

"ஆமாம்மா. பெருக்குவேன், பாடமும் நடத்துவேன்."

போனில் அந்த சனிக்கிழமையின் மற்ற படங்களைத் திறந்து கொடுத்தேன். என் படத்தை மட்டும் அனுப்பியிருந்த புத்திசாலி நான். அம்மா ஒரு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். முழங்கால் வரை சுருட்டிய கால்சட்டை, சேறு, கையில் துடைப்பம், குனிந்த தலை.

"இது யாரு, கூலி ஆளா?"

"ஹெட்மாஸ்டர்ம்மா."

கத்தி நின்றது. "பொய் சொல்லாத. கார் வச்சிருக்காரா?"

"வச்சிருக்கார்."

அம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போனை என்னிடம் தந்துவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பினார். "போ. போன உடனே இந்த ஆளு மூஞ்சி நல்லாத் தெரியற மாதிரி ஒண்ணு எடுத்து அனுப்பு. மேடத்துக்குக் காட்டணும்."

ஒரு வருடம் முழுக்க நான் பேசி அனுப்பிய விளக்கங்களால் ஆகாத காரியத்தை, ஒரு தலைமை ஆசிரியரின் சேறு படிந்த கால்சட்டை வாயே திறக்காமல் முடித்துவிட்டது.