ரங்கூன்காரருக்கு வந்த இரண்டு கடிதங்கள்

கடையின் பின்கட்டுச் சிமெண்டுத் தரையில், சேலை மடிப்பில் அடையாளம் போடும் சுண்ணக்கட்டியால், ரங்கூன்காரர் ஒரு நகரத்தை வரைந்துகொண்டிருந்தார். முதலில் வளைந்து ஓடும் ஆறு. ஆற்றங்கரையில் துறைமுகம். அங்கிருந்து கிளம்பும் நேர்நேரான தெருக்கள். அவற்றுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான் என்றார். நடுவில் ஒரு வட்டம் போட்டு அது தங்கக் கூரையுள்ள கோயில் என்றார். பிறகு ஒரு சந்துக்குள் சின்னதாக ஒரு கட்டம் போட்டு, "இதுதான் நம்ம வீடு, மாடியில" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்று பார்த்தார். சாப்பாட்டு நேரம். டிபன் கேரியர்களை மூடிவிட்டு நாங்கள் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். விற்பனைக்காரர் கை கழுவி வந்தவர், அந்த ஈரக் காலோடு ஆற்றின் மேலும் தெருக்களின் மேலும் நடந்துபோனார். தெரியாமல் மிதித்ததாக அப்போது நினைத்தேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் எனக்கு வேலை. பள்ளியிறுதி முடித்திருந்தேன், இருபத்தோரு வயது. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதற்காகவே முதலாளி என்னை எடுத்தார். வெளியூர் போகும் சேலைகளைக் காடாத் துணியில் வைத்துத் தைத்து, தையலின் மேல் அரக்கு வைத்து முத்திரை குத்துவார்கள். அதன்மேல் போகுமிடத்து முகவரியும் எங்கள் கடை முகவரியும் எழுதுவது என் வேலை. பம்பாய், கல்கத்தா, கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று நாள் முழுக்க எழுதுவேன். நான் நேரில் பார்த்த ஒரே பெரிய நகரம் மெட்ராஸ், அதுவும் இரண்டே முறை. பார்க்காத ஊரின் பெயரை எழுதும்போது கை கொஞ்சம் நிதானமாகப் போகும். அந்தப் பெயருக்குள் விளக்குகளும் பெரிய கட்டடங்களும் இருப்பதாகத் தோன்றும். சேலைக்குக் கொடுத்துவைத்தது எனக்கில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

ரங்கூன்காரர் எங்களிடம் வந்த கதை இதற்கு நேர் எதிரானது. அவர் ரங்கூனில் பிறந்தவர். அங்கே பஜாரில் ஒரு துணிக்கடையில் மூட்டை பிரிக்கிற வேலை. அந்தக் கடைக்கு எங்கள் முதலாளி சேலை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். பர்மாவில் கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டு நம்மவர்களைக் கப்பலேற்றியபோது, இந்தியாவில் அவருக்குத் தெரிந்த முகவரி ஒன்றே ஒன்றுதான். படிக்கத் தெரியாததால் பார்சலிலிருந்து எங்கள் கடை முகவரி இருந்த துணியை வெட்டியெடுத்து மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழியில் காட்டிக் காட்டி விசாரித்து எங்கள் கடைவாசலில் வந்து நின்றார். மனைவி பர்மாக்காரி. நோயாளித் தாயை விட்டுவிட்டு வர அவளால் முடியவில்லை. பத்து வயது மகளும் அந்த முகவரியைப் பார்த்து எழுதிவைத்துக்கொண்டு தாயோடு தங்கிவிட்டாள். நம்மவர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் அவள் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

முதலாளி அவரைப் பார்சல் தைக்கப் போட்டார். முதல் இரண்டு மாதம் எங்களுக்குத் திருவிழாதான். ஆற்றில் படகேறி அக்கரை போவது, மீன்குழம்பு ஊற்றிய சேமியாவைக் காலையில் தெருவோரம் உட்கார்ந்து சாப்பிடுவது, பெண்கள் கன்னத்தில் மரப்பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு சுருட்டுப் பிடிப்பது என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்போம். மூன்றாவது மாதம் அதே கதைகள் உறுத்த ஆரம்பித்தன. ஏன் என்று பின்னாளில் நிறைய யோசித்திருக்கிறேன். தொலைவில் இருக்கும் நகரத்தைப் பற்றி ஆசையாகக் கேட்கலாம். அந்த நகரம் நம் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டு, நம் ஊரை ஏற இறங்கப் பார்த்தால் பொறுக்காது. அவரும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "இந்தச் சேலையெல்லாம் பிரிக்கும்போது காஞ்சிபுரம்னா தெருவெல்லாம் ஜரிகையா மின்னும்னு நெனச்சேன். வந்து பார்த்தா சாக்கடையில சாயத்தண்ணிதான் மின்னுது" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

விற்பனைக்காரருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மெட்ராஸிலிருந்து கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த ஓர் அம்மாள், சின்ன வயதில் ரங்கூனில் இருந்தவராம். சேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு அரைமணி நேரம் ரங்கூன்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்ததும் நேரமாகிவிட்டது என்று வெறுங்கையோடு கிளம்பிப் போய்விட்டார். முதலாளி விற்பனைக்காரரைத்தான் எல்லார் முன்னாலும் திட்டினார்.

மகள் எழுதியது போல ஒரு பொய்க் கடிதம் எழுதும் யோசனை விற்பனைக்காரருடையது. கடை மேனேஜர் கேட்டுவிட்டு, "ஒருநாள் கூத்துதானே, பாவம், அவருக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும்" என்றார். எழுதியது நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. குழந்தை எழுத்து மாதிரி வரவேண்டுமே என்று இடதுகையால் எழுதிப் பார்த்தேன். அது சரிப்படாமல் வலதுகையாலேயே பெரிய பெரிய எழுத்தாக எழுதினேன். அப்பா, நானும் அம்மாவும் வருகிறோம், பாட்டி காலமாகிவிட்டார், மாசக் கடைசியில் வரும் கப்பலில் இடம் கிடைத்திருக்கிறது என்று எழுதினேன். தங்கக் கோயிலில் உங்களுக்காக விளக்கு ஏற்றினோம் என்ற வரியை யாரும் சொல்லாமல் நானே சேர்த்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

போன வாரம் கப்பலில் வந்த ஓர் ஆள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனதாக மேனேஜர் அதை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கி என்னிடம் கொடுத்தார். நான் எழுதியதை நானே அவருக்குப் படித்துக் காட்டினேன். விளக்கு வரி வந்ததும் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு தடவை படி தம்பி" என்றார். படித்தேன். அன்றைக்கு மட்டும் நான்கு தடவை படித்தேன்.

மாலையில் சொல்லிவிடலாம் என்றுதான் பேச்சு. மாலையில், "நாளைக்குச் சொல்லலாம்பா, இப்ப சொன்னா அடிச்சிடுவாரு" என்றார் விற்பனைக்காரர். மறுநாள் ரங்கூன்காரர் செவிலிமேட்டில் ஒரு வீடு பார்த்து வந்திருந்தார். ஓர் அறை, ஒரு தாழ்வாரம். ஆற்றுப்பக்கம் ஜன்னல் இருப்பதால் மனைவிக்குப் பிடிக்கும் என்றார். சுவருக்குத் தானே சுண்ணாம்பு அடித்தார். மகளுக்குப் பாவாடை தைக்க ஒரு துண்டுப் பட்டு கேட்டபோது முதலாளி மறுபேச்சில்லாமல் கொடுத்தார். முதலாளிக்கும் உண்மை தெரியாது. நாள் ஏற ஏறச் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. ஒவ்வொருவரும் மற்றவர் சொல்லட்டும் என்றிருந்தோம். மாசக் கடைசியில் ஒரு காலை, வெளுத்த வேட்டி சட்டையில், கையில் பூப்பொட்டலத்தோடு அவர் மெட்ராஸ் பஸ் ஏறினார். வழியனுப்ப நானும் போயிருந்தேன். பஸ் கிளம்பும்வரை வாயைத் திறக்கவில்லை.

மூன்று நாள் கழித்து வந்தார். கப்பல் உண்மையாகவே வந்திருக்கிறது. அதுதான் கொடுமை. எல்லோரும் இறங்கி முடியும்வரை நின்று பார்த்திருக்கிறார். பெயர்ப் பட்டியலைப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். "அடுத்த கப்பல்ல வருவாங்க போல" என்று அவர் சொன்னதுமே விற்பனைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எந்தக் கப்பல்ல வர்றது? லெட்டர் வந்ததே இந்த ரூமுலேர்ந்துதான்!" என்றார்.

ரங்கூன்காரருக்குப் புரிய நேரமாயிற்று. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் நின்றார். "பாட்டி செத்ததும் பொய்யா?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன். "அந்த விளக்கு?" என்றார். அதற்கு என்னால் தலையைக்கூட அசைக்க முடியவில்லை.

வேறு போக்கிடம் இல்லாததால் அவர் கடையிலேயே இருந்தார். ரங்கூனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்புக் கேட்க இரண்டு முறை பக்கத்தில் போனேன். ஊசியை நிறுத்தாமல் தைத்துக்கொண்டே இருந்தார். நான் திரும்பி வந்துவிட்டேன். கூத்து அத்தோடு தீரவும் இல்லை. "ரங்கூன்காரரே, கப்பல் சங்கு கேக்குது" என்று விற்பனைக்காரர் அவ்வப்போது சொல்வார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை என்று எழுத ஆசைதான். ஒன்றிரண்டு முறை சிரித்திருக்கிறேன்.

ஐப்பசி மழைக்காலத்தில் ஒருநாள், தபால்காரர் கடைத் தபால்களை என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். நடுவில் ஒரு நீலக் கடிதம். பறவைப் படம் போட்ட பர்மா ஸ்டாம்பு. தணிக்கைக்காக உறையைப் பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டிய சர்க்கார் காகிதம். முகவரி தமிழில், கோணல்மாணலாக, அழுத்தி எழுதியிருந்தது. பார்சலில் நான் எழுதும் எங்கள் கடை முகவரிதான். பின்கட்டுக்கு ஓடினேன். அவர் அரக்கை விளக்கில் காட்டி உருக்கிக்கொண்டிருந்தார்.

"ரங்கூன்காரரே, லெட்டர். நெசமான லெட்டர்" என்றேன்.

நிமிர்ந்து கையை நீட்டினார். வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இந்தத் தடவை ஸ்டாம்பு வேற ஒட்டிட்டீங்களா?" என்றார்.

"சத்தியமா நான் எழுதல. குடுங்க, படிச்சிக் காட்டறேன்."

"நீயே எழுதுவே, நீயே படிப்பே" என்று சொல்லிக்கொண்டே கடிதத்தை விளக்கில் காட்டினார். நான் பாய்ந்தேன். அவர் என்னைவிடப் பலசாலி. மூட்டை தூக்கிய கை. இடதுகையால் என்னை எட்டத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, விரல் சுடும்வரை பிடித்திருந்து கீழே போட்டார். கத்தி அழைத்திருந்தால் மேனேஜர் வந்திருப்பார். ஆனால் எங்கள் மூவரில் யார் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார். உறைக்குள் என்ன எழுதியிருந்தது என்று ஒரு வரிகூட நான் பார்க்கவில்லை.

மறுநாள் தபால்காரர் வந்தபோது ரங்கூன்காரர் முன்கட்டில் பார்சல் அடுக்கிக்கொண்டிருந்தார். தபால்காரர் வெகு சந்தோஷமாக, "என்னாபா, நேத்து பர்மா லெட்டர் வந்துதே! பொண்ணு சவுக்கியமா இருக்குதா?" என்று கேட்டார்.

ரங்கூன்காரர் கையிலிருந்த பார்சலை மெதுவாகக் கீழே வைத்தார். பின்கட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். தரையைக் காலையிலேயே பெருக்கியாகிவிட்டது. அவர் மண்டியிட்டு, சுவரோரம், சாக்குக்கு அடியில், விளக்குக்கு அடியில் என்று தேடினார். துளி சாம்பல்கூட இல்லை. அவர் அழுத சத்தம் கேட்டு முதலாளி உள்ளே வந்தார். எல்லாவற்றையும் அன்றுதான் அறிந்துகொண்டார். விற்பனைக்காரரை அப்போதே அனுப்பிவிட்டார். என்னையும் அனுப்பியிருப்பார். ரங்கூன்காரர்தான் தடுத்தார். "இவன் இருக்கட்டும். எனக்கு எழுத ஆள் வேணும்" என்றார்.

அந்த வாரமே என்னை எதிரில் உட்காரவைத்து எழுதச் சொன்னார். "உன் கடுதாசி வந்துச்சி. படிச்சேன். ரொம்ப சந்தோஷம்னு எழுது" என்றார். பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினேன். "எரிச்சிட்டேன்னு எழுதச் சொல்றியா?" என்றார். எழுதினேன். நீ எழுதியதையெல்லாம் இன்னொரு தடவை விவரமாக எழுது என்றும் எழுதச் சொன்னார். முடித்ததும் அதைத் தபாலாபீசுக்கு எடுத்துப்போய், நான் எழுதியது அவர் சொன்னதுதானா என்று அங்கிருந்த குமாஸ்தாவிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் ஸ்டாம்பு ஒட்டினார். அந்த மாடிவீட்டு முகவரிக்குத்தான் அனுப்பினோம். அவர்கள் இடம் மாறியிருந்து, புது முகவரி எரிந்த கடிதத்தில் இருந்திருக்கலாம். பதில் இல்லை. ஆறு மாதம் கழித்து இரண்டாவது கடிதம் எழுதினோம். அதற்கும் இல்லை.

இன்றைக்கு எழுபது தாண்டிவிட்டேன். பம்பாய், சிங்கப்பூர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ரங்கூனுக்கும் இப்போது சுற்றுலா போகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் போய்வந்து, தங்கக் கோயில் படத்தைக் கைப்பேசியில் காட்டி, "செம சிட்டி அங்கிள், நீங்களும் ஒரு தடவ போய்ட்டு வாங்க" என்றான். அழகான ஊர்தான். எனக்குப் போகத் துணிவில்லை.

ரங்கூன்காரர் எழுபதுகளின் தொடக்கத்தில் காய்ச்சலில் கிடந்து, செவிலிமேட்டு வீட்டிலேயே இறந்தார். அதற்கு முந்தின மாதம் நாங்கள் மூன்றாவது கடிதம் எழுதினோம். வழக்கம்போல, அம்மா சவுக்கியமா என்று ஆரம்பித்தேன். சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவது என் பழக்கம். அவர் பாயில் படுத்தபடியே கையை நீட்டிப் பேனாவைத் தடுத்தார்.

"அப்படி எழுதாதே தம்பி. எரிஞ்ச கடுதாசியில அவ அதைத்தான் எழுதியிருந்தாளோ என்னவோ. அம்மா இருக்காளான்னு கேளு."

எழுதியதை அடித்துவிட்டு அப்படியே எழுதினேன்.