திராட்சைத் தோட்டத்தில் காகத்துக்கு வைத்த சோறு

"…காகம் எடுக்கட்டும், பிறகு பாப்பம். நீ சாப்பிடன் தம்பி, நான் என்ன உன்ர வாயையும் கட்டி வைச்சிருக்கிறனோ?" என்றார் அண்ணை, கல்மதிலில் முதுகைச் சாய்த்தபடி.

அவருடைய தலைக்கு மேலே, மதிலில் விரித்த அலுமினியத் தாளில், ஒரு பிடி சோறும் பருப்பும் கொஞ்சம் எள்ளும் காத்திருந்தன. சுற்றிவர மலை முழுக்கத் திராட்சை. வானத்தில் காகம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

அண்ணை எனக்குக் கூடப் பிறந்தவர் அல்ல. பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில், ஓஸ்டர்முண்டிகனில் நாங்கள் இருக்கிற கட்டடத்தில் அவர் மேல்மாடி, நான் கீழ்மாடி. அவருக்கு ஆசுபத்திரியில் துப்புரவு வேலை. எனக்கு முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் சமையல் வேலை. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். மிச்சத்தை ஆட்களின் வாயைப் பார்த்துப் படித்தேன். அதில் அண்ணையின் வாய் தனி ரகம். இன்றைக்கு அவர் சொன்னதை நாளைக்குக் குசினியில் என் சொந்தச் சரக்குப்போல எடுத்து விடுவேன். அன்று காலை லொய்க் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து சைக்கிள்களை இறக்கி, வாலிஸ் மலைச்சரிவில் முதல் ஏற்றத்தை மிதிக்கத் தொடங்கியபோது, "இது றோட்டில்லையடா, ஆரோ கோவத்தில சுவரில சாத்திப்போட்டுப் போன ஏணி" என்றார். களைப்பிலும் அதை மனதுக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இந்தப் பயணத்துக்கு எங்களை விரட்டியவர் அவருடைய மனைவி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவின் மார்பில் ஒரு கட்டி. ஊசி போட்டு அதில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு திங்கட்கிழமை. அந்த வாரம் முழுவதும் அண்ணை வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்து, கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாராம். "தம்பி, இந்த மனுசனை எங்கையாவது கொண்டுபோய்ச் சைக்கிள் ஓட்டவிட்டுக் கொண்டாரும். இவரின்ர முகத்தைப் பாத்தால் எனக்கு இல்லாத வருத்தமும் வந்திடும்" என்றார் அக்கா. அப்படித்தான் சனிக்கிழமை புறப்பட்டோம்.

அது புரட்டாசிச் சனி. அண்ணை சனி விரதம் பிடிப்பவர்தான், ஆனால் வழக்கமாக ஏனோதானோ என்றுதான். கோயிலில் எள்ளெண்ணெய் எரித்தால் அவருக்குச் சரி. இந்த வருடம் அப்படியில்லை. ஒருநேரச் சாப்பாடு, அதையும் காகம் எடுத்த பிறகுதான் வாயில் வைப்பது என்று பிடிவாதமாக நின்றார். அக்காவுக்காக என்று அவர் வாய்திறந்து சொல்லவில்லை. சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரியாதா?

"அங்கை காகம் இருக்குமோ அண்ணை?" என்று ரயிலில் கேட்டேன்.

"விசரே, பேர்ண் ஸ்டேஷனுக்குள்ளயே குப்பைவாளியில நிண்டு தின்னுது. மலையில இராதோ?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. திராட்சை பழுத்துக் கிடக்கிற மாதத்தில், பழத்துக்குப் பறவை வராமல் மலை முழுக்கக் காவல் போடுவார்கள் என்பது எங்கள் இருவர் மூளைக்கும் எட்டவில்லை. கொடிகள்மேல் நீல வலை போர்த்தியிருந்தது. மேலே எங்கேயோ, பறவை விரட்ட வைத்த எரிவாயுக் குழாய் ஒன்று, நின்று நின்று வெடித்துக்கொண்டிருந்தது. முதல் வெடிக்கு அண்ணை சைக்கிளோடு றோட்டோரம் குனிந்துவிட்டார். நானும்தான்; ஊரில் ஷெல்லுக்குக் குனிந்து பழகிய உடம்பு. பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மிதித்தோம்.

மத்தியானத்துக்குள் கால் போய்விட்டது. புரட்டாசி என்றாலும் அந்தப் பள்ளத்தாக்கில் வெயில் கல்லில் பட்டுத் திரும்பி முகத்தில் அடித்தது. பின்னால் வந்த வெள்ளைக்காரக் கிழவர்கள் பற்றரிச் சைக்கிளில் சிரித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனார்கள். நாங்கள் பழைய சாமான் கடையில் வாங்கிய சைக்கிள்களை உருட்டிக்கொண்டு நடந்தோம். ஓர் ஏற்றம் முடிந்தது என்று மூச்சுவிட்டால், வளைவுக்கு அங்கால் இன்னொன்று நிற்கும். சல்கெஷ் ஊரின் கூரைகள் தெரிந்த இடத்தில், ஒரு மதில் நிழலைக் கண்டு விழுந்தோம். அக்கா கட்டித்தந்த சோற்றை எடுத்து, அண்ணை முதலில் காகத்துக்கு வைத்தார்.

காத்திருந்தோம். என் சோற்றுப் பெட்டியும் மூடியபடி மடியில் கிடந்தது. அவர் பட்டினியாக இருக்கும்போது நான் எப்படித் தின்பது?

அண்ணைக்குச் சீனி வருத்தம். காலையில் குளிசையைப் போட்டுக்கொண்டு, பிறகு ஒன்றும் சாப்பிடாமல் மலை ஏறியிருக்கிறார். கதைத்துக்கொண்டிருந்த மனிதர் மெல்ல மெல்லச் சுருங்கி, "ஓம்", "ம்" என்று வந்து நின்றார். நெற்றி வியர்த்தது. போத்தலைப் பிடித்த விரல்கள் ஆடின. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

"அண்ணை, ஒரு வாய். சனீஸ்வரன் கோவிக்கமாட்டார்."

"நீ அவரோட கதைச்சனியோ?"

அந்த நேரம் கொடிவரிசைக்குள்ளிருந்து ஒரு பெண்மணி வந்தார். தோட்டக்காரி. கையில் கத்தரிக்கோல், காலில் சப்பாத்து நிறைய மண். வாலிஸ்காரரின் ஜெர்மன் எனக்குப் பாதிதான் விளங்கும். ஆனால் அலுமினியத் தாளைக் காட்டி அவர் போட்ட சத்தம் முழுவதும் விளங்கியது. நாங்கள் பறவைகளைத் துரத்த நாள் முழுக்க நிற்கிறோம், நீங்கள் விருந்து வைத்துக் கூப்பிடுகிறீர்களா?

தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்: இவருடைய மனைவிக்குச் சுகமில்லை, இது கடவுளுக்கு, பறவை முதலில் சாப்பிட வேண்டும், இவருக்குச் சீனி வருத்தம். தோட்டக்காரி அண்ணையின் முகத்தைப் பார்த்தார். சத்தம் நின்றது. வலையைத் தூக்கி ஒரு குலையை வெட்டி அண்ணையின் கையில் வைத்து, "இங்கே காகம் வராது. இதையாவது சாப்பிடச் சொல்" என்றார்.

அண்ணை நன்றி சொல்லிக் குலையை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு பழம்கூடத் தொடவில்லை. "நல்ல மனுசி. பழமும் நல்லது. ஆனா காகம் முந்தவேணும்" என்றார் என்னிடம். சொல்லும்போது நாக்கு இழுபட்டது.

நான் மதிலுக்கு அந்தப் பக்கம் போய் அக்காவுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஸ்பீக்கரைப் போட்டு அவருக்குக் கிட்டப் பிடியும்" என்றார். திரும்பி வந்து பிடித்தேன்.

"இஞ்சாருங்கோ. நீங்கள் அங்கை விழுந்து கிடந்தால் திங்கட்கிழமை என்னோட ஆர் வாறது? அந்த டொக்டர் வாய் திறக்கேக்க நான் ஆரின்ர கையைப் பிடிக்கிறது?"

அண்ணை மதிலில் இருந்த சோற்றை அண்ணாந்து பார்த்தார்.

"பிறகு, நான் இஞ்சை பல்கனியில சோறு வைச்சனான். காகம் வந்து எடுத்திட்டுது. ஒரு வீட்டுக்கு ஒருக்கால் எடுத்தால் போதும். சாப்பிடுங்கோ."

அண்ணை கண்களை மூடிக்கொண்டு கேட்டார்: "எந்தக் காகம்?"

"கறுப்புக் காகம். பேரும் கேட்டு வைக்கவோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்களுடைய பல்கனியில் புறாத் தொல்லைக்கென்று வசந்தகாலத்தில்தான் மேலிருந்து கீழ்வரை வலை அடித்திருந்தோம். அடித்தவர் அண்ணை. ஏணியைப் பிடித்தவன் நான். அந்த வலைக்குள் காகம் என்ன, சிட்டுக்குருவிகூட நுழையாது.

அண்ணை என் முகத்தைப் பார்த்தார். நான் மதிலைப் பார்த்தேன். தோட்டக்காரி, நடப்பது விளங்காமல், கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் எடுத்திட்டுதோ?" என்று அண்ணை போனைப் பார்த்துக் கேட்டார்.

"ஓம். ஒரு பருக்கை மிச்சமில்லை."

"அப்ப சரி" என்றார்.

போத்தலைச் சரித்து வலது கையைக் கழுவினார். சோற்றுப் பெட்டியை மடிக்கு இழுத்து, பிசைந்து, முதல் கவளத்தை வாயில் வைத்தார். மேலே குழாய் மறுபடியும் வெடித்தது. அவர் நிமிரவில்லை. அடுத்த கவளத்தைப் பிசைந்தார்.