பட்டியலில் முதல் பெயர்

போன செவ்வாய்க்கிழமை ஒரு போன் செய்தேன். செய்யாமலே இருந்திருக்கலாம்.

தென்காசியில் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ரத்த தானக் குழு ஒன்று நடத்துகிறோம். கொடுப்பவர்கள் விவரமெல்லாம் என் கம்ப்யூட்டரில். யாருக்கு ரத்தம் தேவை என்றாலும் குழுவினர் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சலித்துப்போய், எல்லோருடைய மொபைலிலும் தேடுவதற்கு ஒரு வசதி செய்து கொடுத்தேன். ரத்த வகையைத் தட்டினால் போதும்... பெயர், ஊர், நம்பர் வந்துவிடும். ரத்தம் கொடுத்து ரொம்ப நாளானவர் முதலில் வருவார். நியாயம்தானே?

ஆனால் அவர்கள் பார்க்க மட்டும்தான் முடியும். திருத்துவதும் நீக்குவதும் நான் ஒருவன்தான். ஆளாளுக்குக் கை வைத்தால் குட்டிச்சுவராகிவிடுமே!

ரத்தம் கொடுப்பவர்களுக்கு வழக்கமாக போன் செய்வது எங்கள் குழுவில் மும்தாஜ். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவள். அன்று அவளுக்குக் காய்ச்சல். ஒரு பெண்ணுக்கு அவசர ஆபரேஷன், ஓ நெகட்டிவ் வேண்டும். நானே தேடினேன். முதல் பெயர் — சுடலைமுத்து, வாசுதேவநல்லூர்.

ஒரு பெண் எடுத்தார்.

"சுடலைமுத்து அண்ணாச்சி இருக்காங்களா?"

"யாருய்யா பேசுதது?"

சொன்னேன்.

"அவுக செத்து ஒரு வருசமாச்சுய்யா. ஒவ்வொரு தடவையும் சொல்லுதேன், திரும்பத் திரும்பக் கூப்பிடுதிய. போன தடவ எம் மவ எடுத்தா. எட்டு வயசுப் பிள்ள. எங்கப்பா செத்துட்டாருன்னு அவ வாயால சொல்ல வச்சிட்டியளே... நல்லாருப்பியளா?"

நான் மன்னிப்புக் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

பட்டியலில் இரண்டாவதாக இருந்த சிவகிரிக்காரர் வந்து ரத்தம் கொடுத்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

கோபமாக மும்தாஜைக் கூப்பிட்டேன். "அவர் செத்தது உனக்குத் தெரியுமா? ஏன்மா எங்கிட்ட சொல்லல?"

"மூணு தடவ மெசேஜ் போட்டேம்லா அண்ணாச்சி! நீங்களும் கட்டவிரலத் தூக்கிப் போட்டிய. நான் அந்த நம்பருக்குப் பேச மாட்டேன். நான் இல்லாதப்ப வேற யாராவது பேசிருதாங்க."

மெசேஜ்களைத் தேடிப் பார்த்தேன். மூன்றும் இருந்தன. ஒன்று வந்தபோது குற்றாலத்தில் சீசன்; சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரர்களோடு ஐந்தருவியில் வரிசையில் நின்றிருந்தேன். கட்டைவிரலைத் தட்டினேன், மறந்தேன். இறந்தவர் இனி எங்கே ரத்தம் கொடுப்பது? நாளாக ஆக, என் லிஸ்ட்டில் அவர்தான் முதல் ஆள்.

வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணை மட்டும் கொடுத்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு குளிக்கப் போகிற ஆசாமிகள் நம்மில் எத்தனை பேர்! ச்சே... என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அன்றே சுடலைமுத்துவின் பெயரை நீக்கினேன். மும்தாஜுக்கும் நீக்கும் உரிமையைக் கொடுத்தேன். ஐந்து நிமிஷத்தில் அவளிடமிருந்து போன்.

"அண்ணாச்சி, இதே மாதிரி இறந்தவங்க இன்னும் ரெண்டு பேரு லிஸ்ட்ல இருக்காங்க. எடுத்திரட்டா?"